எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடவேளை எங்கே?



ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறோம். எட்டாம் தரத்தில் படிக்கும் ஒரு பையனின் ஆங்கிலக் கொப்பி அது. அவனுடைய அம்மா கொழுந்து எடுக்கிறார். வருடக் கடைசியில் ஒரு நாள் அரைப்பேரை விட்டுவிட்டுப் பாடசாலைக்கு வந்தார். கையோடு அந்தக் கொப்பியையும் கொண்டுவந்திருந்தார். "டீச்சர், இவன் இங்கிலீஸ் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டார்.

கொப்பிக்குப் பழைய கலண்டர் தாளில் அழகாக உறை போட்டிருந்தது. எழுத்தெல்லாம் முத்துமுத்தாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. நாங்கள் திகதிகளை எண்ணிப் பார்த்தோம். மூன்று தவணைக்கும் சேர்த்துப் பதினொரு நாள். ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னோம். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கரும்பலகையில் இருந்ததைப் படம் வரைவதுபோல் வரைந்து வைத்திருக்கிறான். ஒரு வசனமும் அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது? "உங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சொன்னால் அது பொய். கணக்கில் அவன் வகுப்பிலேயே முதல் ஐந்துக்குள் வருகிறவன். "ஆங்கில ஆசிரியர் இல்லை" என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். அதில் அரசாங்கத்துக்கும் கம்பனிக்கும் பங்கிருக்கிறது. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும், நமது சங்கங்களுக்கும்கூடப் பங்கிருக்கிறது.

கட்டளையாக வந்த மொழி

ஆங்கிலம் தோட்டத்துக்குப் புதிய மொழி இல்லை. நாம் குடியிருக்கும் லயம் என்பது 'லைன்'. விடியற்காலையில் வரிசையில் நிற்கும் பிரட்டு என்பது 'பரேட்'. பேர் பதிவது செக்ரோலில். கொழுந்து போவது ஸ்டோருக்கு. காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்கு. கையெழுத்துப் போடத் தெரியாத நமது பாட்டிமாரும் இந்தச் சொற்களைப் பேசித்தான் வாழ்ந்தார்கள்.

ஆனால் அதெல்லாம் மேலிருந்து கீழே வந்த ஆங்கிலம். நில், போ, எடு, கொடு என்று சொன்ன ஆங்கிலம். திருப்பிக் கேட்பதற்கு ஒரு சொல்கூட நமக்குக் கற்றுத்தரப்படவில்லை. அது மறதியால் நடந்ததல்ல. வெள்ளைக்கார ஆட்சியில் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துரைமார் பாடசாலை வைக்க வேண்டும் என்றது. அந்தப் பாடசாலையில் ஒரு வாத்தியார், ஒரு கொட்டகை. பிள்ளைக்குக் கொஞ்சம் எழுத்தும் கொஞ்சம் கணக்கும் போதும், பிறகு மலைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் மத்திய கல்லூரிகள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வியின் கதவைத் திறந்தன. லயத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1948இல் நமது பிரஜாவுரிமையே போயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். மற்றப் பிள்ளைகள் ஓடத் தொடங்கி முப்பது வருடத்துக்குப் பிறகுதான் நமது பிள்ளைகளை ஓட்டக் கோட்டில் நிறுத்தினார்கள்.

இதே மலையில், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கட்டினார் கோ. நடேசய்யர். அவர் தமிழில் பத்திரிகை நடத்தினார், ஆங்கிலத்திலும் எழுதினார், சட்டசபையில் பேசினார். துரைமாரின் சட்டத்தை அவர்களுடைய மொழியிலேயே வாசித்து, அதை நமது மொழியில் தொழிலாளிக்கு எடுத்துச் சொன்னார். துரைமார் அவரைத் தோட்டத்துக்குள் விட மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுடைய மொழி தெரிந்த ஒருவன் நம்முடைய பக்கத்தில் நிற்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இன்றைக்கும் அப்படித்தான். சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் கம்பனிகள் "நட்டம்" என்கின்றன. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக நாம் எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! 2021இல் சம்பளச் சபை மூலமாகத்தான் அது வந்தது. கம்பனிக்கு இலாபமா நட்டமா, எங்கே போகிறது பணம் என்பதெல்லாம் அவர்கள் அச்சிடும் ஆண்டறிக்கையில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை எடுத்து வாசிக்கக்கூடியவர்கள் நமது தோட்டத்தில் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள். விரல் மிஞ்சும்.

கணக்கைப் பார்ப்போம்

"தோட்டப் பாடசாலைகளுக்கும் ஆங்கில ஆசிரியர் நியமித்திருக்கிறோம்" என்று மேலிடத்தில் சொல்வார்கள். கடதாசியில் அது உண்மையாகவும் இருக்கும். எங்கள் பாடசாலையின் கணக்கை இங்கே வைக்கிறோம். உங்கள் தோட்டத்துப் பாடசாலையின் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் பாடசாலையில் ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை ஆறு வகுப்பு. நேரசூசிப்படி ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு ஐந்து ஆங்கிலப் பாடவேளை. ஆறும் ஐந்தும் பெருக்கினால் முப்பது. கீழே மூன்றாம், நான்காம், ஐந்தாம் தரத்துக்கு நான்கு பாடவேளை வீதம் பன்னிரண்டு. மொத்தம் நாற்பத்திரண்டு. வாரத்தில் உள்ள பாடவேளையே நாற்பதுதான். ஆசிரியர் ஒருவர். அவர் தண்ணீர் குடிக்காமல், கொப்பி திருத்தாமல், லீவு எடுக்காமல் நின்றாலும் இரண்டு பாடவேளை குறையும். ஆனால் வெற்றிடப் பட்டியலில் எங்கள் பாடசாலையின் பெயர் இல்லை. ஏனென்றால் "ஆங்கில ஆசிரியர்: 1" என்று பதிவில் இருக்கிறது.

அந்த ஒருவரும் எப்படி வருகிறார்? டவுனிலிருந்து காலையில் ஒரேயொரு பஸ். அது தவறினால் த்ரீவீலுக்கு அவருடைய சம்பளத்தில் பாதி போகும். சந்தியில் இறங்கிப் பாடசாலைக்கு ஏற நாற்பது நிமிடம். தங்குவதற்கு விடுதி இல்லை. மழைக்காலத்தில் நனைந்துகொண்டு வந்து, நனைந்த சேலையோடு இரண்டு மணிவரை நிற்கிறார். ஒரு வருடம் பொறுக்கிறார். இரண்டாம் வருடம் யாரையாவது பிடித்து இடமாற்றம் வாங்குகிறார். அவர் போன பிறகு அடுத்தவர் வரும்வரை விளையாட்டு ஆசிரியரோ சமய ஆசிரியரோ "பிள்ளைகளே, 34ஆம் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்" என்கிறார். அந்தப் பையனின் கொப்பி நிறைந்தது இப்படித்தான். பதினொரு திகதியும் பதினொரு பதில் ஆசிரியரின் பாடவேளை.

இதில் அந்த ஆசிரியரைத் திட்டி என்ன பயன்? ஆள் வருவதற்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, ஆள் நிலைப்பதற்கு ஒரு ஏற்பாடும் செய்யாதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மூன்று சாக்கு

இதைப் பற்றிப் பேசப் போனால் மூன்று சாக்குச் சொல்வார்கள். மூன்றுக்கும் பதில் தெரிந்து வைத்திருப்போம்.

முதலாவது, "சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடையாவிட்டாலும் உயர் தரம் படிக்கலாம்." ஆமாம், படிக்கலாம். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி இருந்தால் போதும். ஆங்கிலம் அதில் கட்டாயமில்லை. உயர் தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பத்திரம் இருக்கிறது. அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குச் சேராது. ஆகவே பாடசாலையும் விட்டுவிடுகிறது, பிள்ளையும் விட்டுவிடுகிறது. பிறகு என்ன நடக்கிறது? நமது பிள்ளை தமிழில் படித்து, தமிழில் பரீட்சை எழுதி, பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ போகிறது. முதல் நாள் விரிவுரை ஆங்கிலத்தில். புத்தகம் ஆங்கிலத்தில். உயிரியலும் பௌதிகமும் நன்றாகத் தெரிந்த பிள்ளை பின்வரிசையில் ஊமையாக உட்காருகிறது. அதுவும் அங்கே போய்ச் சேர்ந்த ஒன்றிரண்டு பேர். போகாத பிள்ளை கொழும்பில் கடைக்குப் போகிறது. ஆங்கிலம் பேசத் தெரிந்தவன் கவுண்டரில் நிற்கிறான். தெரியாதவன் பின்னால் பெட்டி இறக்குகிறான். பரீட்சைத் திணைக்களம் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கவில்லை. வாழ்க்கை அதை எப்போதோ கட்டாயமாக்கிவிட்டது.

இரண்டாவது, "இவர்களுக்குத் தமிழே ஒழுங்காக வாசிக்க வரவில்லை, ஆங்கிலம் எதற்கு?" இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளையை டவுன் பாடசாலையில் சேர்த்தவர்கள். தமிழ் வாசிக்க வராத பிள்ளைக்கு ஆங்கிலமும் வராது என்பது சரி. ஒரு மொழியில் எழுத்தைக் கூட்டி வாசித்துப் பொருள் பிடிக்கத் தெரிந்த பிள்ளை அந்தப் பழக்கத்தை அடுத்த மொழிக்கும் கொண்டுபோகும். ஆகவே தமிழை நன்றாகக் கற்பியுங்கள்; அதன் மேல் ஆங்கிலத்தைக் கட்டுங்கள். தமிழ் பலவீனம் என்பதைக் காரணம் காட்டி ஆங்கிலத்தையும் கொடுக்காமல் விடுவது, ஒரு நேரச் சோறு குறைந்த பிள்ளைக்கு அடுத்த நேரச் சோற்றையும் நிறுத்துவது போன்றது.

இதற்கு எதிர்ப்பக்கமாகச் சிலர் "எல்லாப் பாடத்தையும் ஆங்கில மொழிமூலத்தில் கொடுங்கள்" என்று மேடையில் முழங்குகிறார்கள். கைதட்டலுக்கு நல்லது. ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்பிக்கவே ஆளில்லாத இடத்தில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் யார் கற்பிப்பது? உள்ளதும் போய்விடும். நாம் கேட்பது தமிழ் மொழிமூலத்தில் பலமான கல்வியும், அதற்குள்ளே உண்மையாகவே கற்பிக்கப்படும் ஆங்கிலமும். சிங்களமும் அப்படித்தான். பொலிசிலும் பிரதேச செயலகத்திலும் நின்று பேச நமது பிள்ளைக்கு அதுவும் வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டம் மூன்று மொழியைச் சொல்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒன்றரை மொழிதான் போய்ச் சேருகிறது.

மூன்றாவது, "கணினி கொடுத்திருக்கிறோம், திரை கொடுத்திருக்கிறோம், அதைப் பார்த்துப் படிக்கட்டும்." கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கும் மரத்துக்கும் ஏறியதை நாடே பார்த்தது. இன்னுமா இந்தப் பேச்சு? சாமான் வாங்கினால் திறப்பு விழா வைக்கலாம், கல்லில் பெயர் பொறிக்கலாம். ஆசிரியரை நிலைக்க வைத்தால் கல்லில் பெயர் வராது. அதனால்தான் முதலாவது நடக்கிறது, இரண்டாவது நடப்பதில்லை.

வேறொரு நாட்டில் கேட்கப்பட்ட மூன்று கேள்வி

மொழி தெரியாத பிள்ளைக்குப் பாடசாலை என்ன செய்ய வேண்டும் என்பது நமக்கு மட்டுமுள்ள பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் சீன வம்சாவளிப் பிள்ளைகள் ஆங்கிலம் புரியாமலே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். "எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடம்தானே கொடுக்கிறோம்" என்றது நிர்வாகம். 1974இல் அந்த நாட்டின் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புரியாத பிள்ளைக்கும் புரிகிற பிள்ளைக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்று தீர்த்தது.

பிறகு 1981இல், டெக்சாஸ் மாநிலத்தில் மெக்சிக்கோ வம்சாவளித் தகப்பன் ஒருவர் போட்ட வழக்கில் இன்னொரு நீதிமன்றம் மூன்று கேள்வியை வைத்தது. ஒன்று: பாடசாலையின் மொழித் திட்டம் கல்வி அறிந்தவர்கள் ஒத்துக்கொள்ளும் திட்டமா? இரண்டு: அந்தத் திட்டத்தை நடத்த ஆளும் பொருளும் உண்மையில் கொடுத்திருக்கிறதா? மூன்று: கொஞ்சக் காலம் நடத்திய பிறகு பிள்ளைகள் உண்மையில் கற்றார்களா என்று பார்த்தார்களா, கற்காவிட்டால் திட்டத்தை மாற்றினார்களா?

அவர்களுடைய நிலை வேறு. அங்கே பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. நமது பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். ஆனாலும் அந்த மூன்று கேள்வியும் தோட்டப் பாடசாலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலிருக்கிறது. எங்கள் பாடசாலையில் கேட்டுப் பார்த்தோம். திட்டம் இருக்கிறதா? ஐந்தாண்டுத் திட்டக் கோவையில் "ஆங்கில அறிவை மேம்படுத்தல்" என்று ஒரு வரி இருக்கிறது. ஆளும் பொருளும்? மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். பிள்ளைகள் கற்றார்களா என்று பார்த்தோமா? சாதாரண தரப் பெறுபேறு வந்த நாளில் மட்டும் பார்க்கிறோம். பதினோராம் தரம் முடிந்த பிறகு பார்ப்பது, பிள்ளை ஆற்றில் போன பிறகு படித்துறையில் வேலி போடுவது.

திட்டம் என்றால் இதுதான்

குறை சொல்வது இலகு. என்ன செய்ய வேண்டும் என்று எங்களைக் கேட்டால், வகுப்பறையில் நின்று கண்டதைச் சொல்கிறோம்.

வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். எழுத்துத் தெரியுமா, சொல்லைக் கூட்டி வாசிக்கிறதா, ஒரு வசனம் புரிகிறதா, வாயைத் திறந்து பதில் சொல்கிறதா? இதற்கு அச்சடித்த பத்திரமோ கணினியோ வேண்டாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும். கடந்த தவணையில் நாங்கள் ஏழாம் தரத்தில் இதைச் செய்து பார்த்தோம். ஒரே வகுப்புக்குள் நான்கு வகுப்பு இருந்தது. சில பிள்ளைகளுக்குச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் குழம்பியது. சிலர் சொல்லை வாசித்தார்கள், பொருள் தெரியவில்லை. இரண்டு பேர் கதைப் புத்தகமே வாசித்தார்கள். நான்கு நிலையிலும் உள்ள பிள்ளைகளுக்கு முன்னால் ஏழாம் தரப் புத்தகத்தின் ஐந்தாம் பாடத்தைத் திறந்தால் யாருக்குப் பயன்?

அடுத்ததாக, ஆறு முதல் ஒன்பது வரையான தரங்களுக்கு வாரத்தில் இரண்டு ஆங்கிலப் பாடவேளையாவது ஒரே நேரத்தில் வரும்படி நேரசூசி போட வேண்டும். அப்போது பிள்ளைகளைத் தரப்படி பிரிக்காமல் நிலைப்படி பிரிக்கலாம். எழுத்துத் தெரியாதவர்கள் ஓரிடம், வாசிப்பவர்கள் ஓரிடம். ஒன்பதாம் தரப் பையன் ஆறாம் தரப் பிள்ளையோடு உட்கார வெட்கப்படுவான் என்றார்கள். முதல் வாரம் வெட்கப்பட்டான். வாசிக்க வந்ததும் வெட்கம் போய்விட்டது.

இதற்கு இன்னும் கை வேண்டும். உயர் தரம் முடித்து லயத்தில் சும்மா இருக்கும் பிள்ளைகள், கல்வியியற் கல்லூரிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நமது தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒழுங்கான சம்பளம் கொடுத்து, ஆங்கில ஆசிரியருக்கு உதவியாக வைக்கலாம். சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். 2015இல் ஆசிரிய உதவியாளர் என்று நமது இளைஞர்களை எடுத்து மாதம் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். போராடிய பிறகு 10,000 ஆயிற்று. பஸ் காசுக்கும் போதாத அந்தக் கூலியில் அவர்கள் வருடக்கணக்காக முழு ஆசிரியரின் வேலையைச் செய்தார்கள். அது இன்னொரு தடவை நடக்கக் கூடாது. மலையகப் பிள்ளையின் கல்வியை மலையக இளைஞரின் மலிவு உழைப்பில் நடத்துவது என்பது கொழுந்துக் கூடையைக் கழற்றிவிட்டு அதே கயிற்றைத் தலையில் மாட்டுவதுதான்.

பாடத்தில் நமது வாழ்க்கையும் வர வேண்டும். அரசாங்கப் புத்தகத்தை விடச் சொல்லவில்லை. அதோடு சேர்த்து, அம்மாவின் சம்பளத் துண்டு, மருந்துத் துண்டு, சேமலாப நிதிப் படிவம், பஸ் பலகை, தேயிலைப் பெட்டியின் மேல் உள்ள எழுத்து இவற்றையும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். ஒரு நாள் தேயிலைப் பைக்கட்டைக் கொண்டுபோய் வாசிக்க வைத்தோம். அம்மா எடுத்த கொழுந்து எந்தப் பெயரில் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள அன்றைக்குப் பின்வரிசைப் பிள்ளைகளும் முன்னுக்கு வந்தார்கள்.

கடைசியாக, ஒவ்வொரு தவணை முடிவிலும் பெற்றோரைக் கூப்பிட்டு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: இந்தத் தவணையில் இத்தனை ஆங்கிலப் பாடவேளை நடக்க வேண்டும், இத்தனைதான் நடந்தது, தொடக்கத்தில் இத்தனை பிள்ளை வாசித்தது, இப்போது இத்தனை வாசிக்கிறது. புள்ளி கூடாவிட்டால் திட்டத்தை மாற்ற வேண்டும். இதைச் செய்ய எந்தச் சுற்றுநிருபமும் தடையில்லை.

நமது பக்கத்துக் குற்றம்

மற்றவர்களைக் கேட்டுவிட்டு நம்மைக் கேட்காமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைப்பேர்தான்.

எங்கள் ஆசிரியர் சமூகத்தைக் கேட்கிறோம். தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலைக்கென்று ஒதுக்கிய நியமனத்தைப் பெற்று, இரண்டாம் வருடமே டவுனுக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? நடக்காத பாடவேளைக்குப் பதிவில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்? வாசிக்கத் தெரியாத பிள்ளையின் கொப்பியில் சரி போட்டவர்கள் எத்தனை பேர்? அந்தச் சிவப்புச் சரி ஒவ்வொன்றும் ஒரு தாயை ஏமாற்றிய கையெழுத்து.

சங்கங்களையும் கேட்கிறோம், நமது சங்கத்தையும் சேர்த்து. ஆசிரியர் பற்றாக்குறை என்று மேடையில் பேசுகிறோம். அதே வாரம் "இவர் நமக்கு வேண்டியவர்" என்று இடமாற்றத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறோம். ஒரு குடும்பத்தின் நன்றி கிடைக்கிறது. நூறு பிள்ளையின் பாடவேளை போகிறது. நாங்களே அப்படியொரு கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறோம். போனவர் ஆங்கில ஆசிரியர். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இனி, பதிலுக்கு ஆள் வராமல் எந்த ஆசிரியரின் இடமாற்றத்துக்கும் நமது சங்கம் கடிதம் கொடுக்கக் கூடாது. இதைத் தீர்மானமாகவே கொண்டுவருகிறோம். எதிர்ப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து எதிர்க்கட்டும்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் தெரியாததால் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்க நமக்குத் தகுதியில்லை என்று நினைக்கிறீர்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசை உற்றுப் பார்க்கிறோம். அரைக் கிலோ குறைத்தால் சண்டை போடுகிறோம். தராசு செய்யத் தெரிந்தா கேட்கிறோம்? பாடசாலையிலும் அப்படியே கேளுங்கள். மூன்று கேள்வி போதும். என் பிள்ளைக்கு ஆங்கிலம் யார் படிப்பிக்கிறார்? இந்த வாரம் எத்தனை பாடவேளை நடந்தது? என் பிள்ளை இந்தப் பக்கத்தை என் முன்னால் வாசிக்குமா?

நமது கோரிக்கைகள்

1. பாடசாலையில் ஒரு ஆங்கில ஆசிரியர் இருக்கிறாரா என்று எண்ணுவதை விட்டுவிட்டு, நடக்க வேண்டிய பாடவேளைக்குத் தக்கபடி ஆசிரியர் எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும். வெற்றிடப் பட்டியல் அந்தக் கணக்கின்படி வர வேண்டும்.

2. பஸ் எட்டாத தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் விடுதி வேண்டும். நிலம் தோட்டத்தில் இருக்கிறது, வெறுமனே கிடக்கும் பழைய ஸ்டாப் குவார்ட்டசும் இருக்கிறது. கம்பனிகள் அவற்றைத் திருத்திக் கொடுக்கட்டும். அங்கே தங்கும் ஆசிரியருக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவைத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

3. பதில் ஆசிரியர் வந்து பொறுப்பேற்காமல் ஆங்கில ஆசிரியரை விடுவிக்கக் கூடாது. பிரசவ விடுமுறைக்கும் பயிற்சிக்கும் போகும்போது வலயத்திலிருந்து பதில் ஆள் வர வேண்டும்.

4. மலையக இளைஞர், யுவதிகளைப் பயிற்சி கொடுத்து ஆங்கில உதவி ஆசிரியர்களாக எடுக்க வேண்டும். சட்டப்படியான சம்பளமும், ஆசிரியர் சேவைக்குள் போகும் வழியும் நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட வேண்டும்.

5. ஒவ்வொரு தவணையிலும் நடந்த ஆங்கிலப் பாடவேளையின் எண்ணிக்கையைப் பாடசாலை அறிவித்தல் பலகையில் போட வேண்டும்.

6. பெற்றோர் கூட்டத்தை வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைக்கக் கூடாது. ஒரு கூட்டத்துக்காக நாட்சம்பளத்தை இழக்க எந்தத் தாயாலும் முடியாது. கொழுந்து நிறுத்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வையுங்கள். அல்லது கூட்டத்துக்குப் போகும் தாய்க்குப் பேர் போடுங்கள்.

இதில் ஐந்தாவதும் ஆறாவதும் காசு கேட்காத கோரிக்கைகள். அதிபரும் வலயமும் மனம் வைத்தால் அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குவோம்.

ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் தமது தோட்டத்துப் பாடசாலைக்குப் போய், ஆங்கில ஆசிரியர் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை பாடவேளை நடக்க வேண்டும், போன மாதம் எத்தனை நடந்தது என்ற மூன்று எண்ணையும் எழுதிக்கொண்டு அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வாருங்கள். அந்த எண்களை ஒரே தாளில் தொகுத்து வலயத்துக்கும் மாகாணத்துக்கும் கொண்டுபோவோம். "தோட்டங்களில் குறைபாடு உண்டு" என்று பொதுவாகச் சொன்னால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பாடசாலையின் பெயரோடு எண்ணை வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நமது 200 வருடத்தை நாட்டுக்கு நினைவுபடுத்தினோம். அந்த 200 வருடமும் நமக்காக வேறு யாரோ ஆங்கிலத்தில் பேசினார்கள், எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். அந்த எட்டாம் தரப் பையன் இப்போது ஒன்பதாம் தரத்தில் இருக்கிறான். சாதாரண தரத்துக்கு இன்னும் இரண்டு வருடம். அவனுடைய அம்மா திரும்பவும் கொப்பியோடு வருவார். அன்றைக்கு அவருக்கு முன்னால் தலையைக் குனிய நாங்கள் தயாராக இல்லை. நீங்களும் வாருங்கள்.